ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்: மீடியாவையும் கலையையும் சேர்த்து பிஎச்டி பண்றதுன்னா என்ன?

"விஸ்காம் முடிச்சிருக்கேன், ரெண்டு ஷார்ட் ஃபிலிம் எடுத்திருக்கேன், கூத்து, சினிமா, போட்டோகிராஃபின்னு எல்லாத்து மேலயும் ஆசை இருக்கு, பிஎச்டி பண்ணலாமா, பண்ணா எந்த டிபார்ட்மென்ட்ல பண்றது"ன்னு மாசத்துக்கு ஒருத்தராவது என்கிட்ட கேக்குறாங்க. கூடவே ஒரு வார்த்தை கண்டிப்பா வரும், "இன்டர்டிசிப்ளினரியா பண்ணணும் அக்கா". அப்படின்னா என்னன்னு திருப்பிக் கேட்டா, ரெண்டு மூணு சப்ஜெக்டை மிக்ஸ் பண்றதுன்னு சொல்வாங்க. சிரிக்க மாட்டேன், ஏன்னா நானும் அதையே நெனச்சுக்கிட்டுதான் உள்ள போனேன், முதல் ஒன்றரை வருஷம் அப்படியே போச்சு.

தமிழ்ல இதுக்கு ரெண்டு சொல் புழங்குது, பல்துறை, துறையிடை. பல்துறைன்னா நாலு துறை ஆளுங்க ஒரே விஷயத்தை அவங்கவங்க இடத்துல இருந்து பாத்து அவங்கவங்க பதிலைச் சொல்லிட்டுப் போயிடுவாங்க. துறையிடைன்னா ரெண்டு துறைக்கு நடுவுல ஒரு கேள்வி விழுந்து கெடக்குது, இந்தப் பக்கத்து ஆள் வந்தாலும் பாதிதான் தூக்க முடியும், அந்தப் பக்கத்து ஆள் வந்தாலும் பாதிதான். சாம்பார், அவியல்னு உதாரணம் சொல்லி இதை விளக்குவாங்க, எனக்கு அது பிடிக்காது. அவியல்ல காயெல்லாம் அடுப்புல வச்சா தானா சேர்ந்துடும், ஆராய்ச்சியில எதுவும் தானா சேராது, நீங்கதான் உக்காந்து சேக்கணும்.

சரி, என் கதையையே உதாரணமா வச்சுக்குறேன், எனக்கு நல்லாத் தெரிஞ்சது அதுதான்.

எங்க ஊர் செய்யாறு பக்கம். சின்ன வயசுல இருந்து பாரதக் கூத்து பாத்து வளந்தவ. கொஞ்ச வருஷமா கூத்தை ராத்திரி முழுக்க யூடியூப்ல லைவ் போடுறாங்க, முன்னாடி ஒரு ட்ரைபாட், அதுல ஒரு போனோ கேமராவோ, பத்து பத்தரை மணிக்கு ஆரம்பிச்சு விடியற வரைக்கும் ஓடும். இதைப் பத்தி பிஎச்டி பண்ணலாம்னு எனக்கு ஆசை. முதல் ப்ரொபோசலோட தலைப்பு "தெருக்கூத்தும் டிஜிட்டல் ஊடகமும்". கமிட்டியில இருந்த ஒரு மேடம் அந்தத் தலைப்பை மட்டும் படிச்சுட்டு, "ரெண்டு ‘உம்’ இருக்கும்மா, கேள்வி எங்க?"ன்னு கேட்டாங்க. எனக்குக் கோபம்தான் வந்துச்சு. நம்ம ஊர்ல எத்தனை தீசிஸ் அப்படித்தானே இருக்கு, அவரும் இவரும், அதுவும் இதுவும், ஒரு ஆய்வு. ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சா அவங்க சொன்னது சரி. எண்ணும்மை போட்டு ரெண்டு பெயரைப் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சிருக்கேன், அதுங்க ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசவே இல்ல.

அந்தத் தலைப்புல எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்? கூத்தோட வரலாறு ஒரு அதிகாரம், அடவு, பாட்டு, வேஷம் ஒரு அதிகாரம், யூடியூப்போட வரலாறு ஒண்ணு, யார் பாக்குறாங்கன்னு 200 பேருக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பி பை சார்ட் போட்டு இன்னொண்ணு, முடிவுரையில "கூத்து டிஜிட்டல் யுகத்திற்கு ஏற்ப மாறி வருகிறது". நாடகத் துறை ஆளுக்கு முதல் ரெண்டு அதிகாரத்துல புதுசா ஒண்ணும் இல்ல, மீடியா ஆளுக்கு அடுத்த ரெண்டுல புதுசா ஒண்ணும் இல்ல. பல்துறைன்னு வேணா சொல்லிக்கலாம்.

கேள்வி கெடச்சது வேற இடத்துல. வந்தவாசி தாண்டி ஒரு ஊர், சித்திரை மாசம், துகிலுரிதல் ராத்திரி, மணி ரெண்டு இருக்கும். கட்டியங்காரன், அதான் கூத்துல கதையை நடத்திக்கிட்டே சிரிக்க வைக்கிற கோமாளி, வழக்கம் போல கூட்டத்துல தூங்குறவன் பேரைச் சொல்லி ஓட்டிக்கிட்டு இருக்கான், எல்லாரும் சிரிக்கிறாங்க. திடீர்னு உடம்பை ஒரு கால் வட்டம் திருப்பி ட்ரைபாடைப் பாத்து, "துபாய்ல இருந்து பாக்குற நம்ம ஊர்ப் பசங்களுக்கு வணக்கம், ஜீபே நம்பர் கீழ ஓடுது, மனசு இருந்தா போடுங்க, இல்லன்னா லைக்காவது போடுங்க"ன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு யாரோ 500 ரூபா போட்டதா ஒரு பையன் சீட்டு கொண்டாந்து குடுக்க, அந்தப் பேரை மைக்குல சொன்னதும் மத்தளம் ஒரு தட்டு தட்டுச்சு, உள்ளூர்க்காரர் நேர்ல வந்து அன்பளிப்பு குடுத்தா தட்டுற அதே தட்டு. மண்ணுல உக்காந்திருந்தவங்க பாதிப் பேர் திரும்பி அந்தக் கேமராவைப் பாத்தாங்க, அதுக்குள்ள யாரோ உக்காந்திருக்குற மாதிரி.

அப்போ கட்டியங்காரன் யாரைப் பாத்துப் பேசுறான்? இதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நாடகத் துறை மட்டும் பதில் சொல்ல முடியாது. அவங்களுக்கு உடம்பு எப்படித் திரும்புது, கண்ணு எங்க போகுது, பேச்சோட தாளம் எங்க மாறுதுன்னு பாக்கத் தெரியும், ஆனா கேமராவுக்கு அந்தப் பக்கம் இருக்குறவன் பேச்சிலேயே வர மாட்டான். மீடியா துறை மட்டும் சொல்ல முடியாது, அவங்க கமென்ட்டையும் வியூஸையும் காசையும் எண்ணுவாங்க, ஆனா அந்தக் கால் வட்டத் திருப்பத்தைப் படிக்க அவங்ககிட்ட கருவி இல்ல. ரெண்டும் ஒரே நேரத்துல வேணும், அதுவும் அந்த ஒரே நிமிஷத்து மேல வேணும். ஒரு துறையோட கருவி எங்க தீந்து போகுதோ அங்க இன்னொரு துறை தேவைப்படுறது, அதுதான் இன்டர்டிசிப்ளினரி. தேவைப்படலன்னா தயவுசெஞ்சு ஒரே துறையில நிம்மதியா பண்ணுங்க, அதுல கௌரவக் குறைச்சல் எதுவும் இல்ல. ரெண்டு துறைன்னா ரெண்டு பேருக்கும் கடன்காரங்க ஆகுறோம், படிக்க வேண்டிய புத்தகம் ரெண்டு மடங்கு, திட்டுறவங்களும் ரெண்டு மடங்கு.

பிஎச்டின்னாலே என்னன்னு ஒரு வரி சொல்லிட்டுப் போறேன், ஏன்னா இதுவும் நெறைய பேருக்குக் குழப்பம். எம்ஏவுல ஏற்கெனவே தெரிஞ்சதை நீங்க கத்துக்குறீங்க. பிஎச்டியில இதுவரைக்கும் யாருக்கும் தெரியாத ஒண்ணைக் கண்டுபிடிச்சு, அதை எப்படிக் கண்டுபிடிச்சேன்னு மத்தவங்க சோதிச்சுப் பாக்குற மாதிரி எழுதிக் காட்டணும். சின்ன விஷயமா இருக்கலாம். பெரும்பாலும் சின்ன விஷயம்தான்.

இப்போ அடுத்த கேள்வி வரும், "அக்கா, அப்போ தீசிஸுக்குப் பதிலா படமே எடுத்துக் குடுக்கலாமா?" இதைத்தான் பிராக்டிஸ் பேஸ்டு பிஎச்டின்னு சொல்றாங்க, மீடியாவும் கலையும் சேர்ற இடத்துல இது பெரிய விஷயம்.

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்ல இருந்த கிறிஸ்டோபர் ஃப்ரேலிங்னு ஒருத்தர் 1993ல கலை ஆராய்ச்சியை மூணாப் பிரிச்சார், இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் அதுல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. ஒண்ணு, கலையைப் பத்தின ஆராய்ச்சி, கூத்தோட வரலாற்றை எழுதுறது இந்த வகை. ரெண்டாவது, கலை வழியா ஆராய்ச்சி, அதாவது செஞ்சு பாத்தாதான் தெரியும்ங்கற விஷயத்தைச் செஞ்சே கண்டுபிடிக்கிறது. மூணாவது, கலைக்காக ஆராய்ச்சி, ஒரு படைப்பைச் செய்யறதுக்காகத் தேடுறது, அங்க கடைசியில கையில இருக்கறது அந்தப் படைப்புதான். இந்த மூணாவதை பிஎச்டியா ஏத்துக்கலாமாங்கறதுலதான் சண்டையே. ஒரு டைரக்டர் பீரியட் படம் எடுக்குறதுக்கு ஆறு மாசம் லைப்ரரியில உக்காந்து தேடுவார், அருமையான வேலைதான், ஆனா அந்தத் தேடல் முழுக்க படத்துக்குள்ள கரைஞ்சு போயிடுது, இன்னொரு ஆராய்ச்சியாளர் அதை எடுத்துச் சோதிச்சு மேல கொண்டு போக வழி இல்ல.

ரெண்டாவது வகையைப் புரிஞ்சுக்க என் விஷயத்துக்கே வரேன். லைவ் வீடியோவை நூறு தடவை பாத்தும் கட்டியங்காரன் எப்போ ட்ரைபாட் பக்கம் திரும்புறான்னு ஒரு ஒழுங்கு எனக்குப் பிடிபடல. அப்புறம் ஒரு ஜமாகிட்ட, அதாவது கூத்துக் குழுகிட்ட, அனுமதி வாங்கி ரெண்டாவது ஒரு கேமராவை மத்தளக்காரர் கை மேல வச்சேன். ரெண்டு வீடியோவையும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டா பளிச்னு தெரியுது, மத்தளம் ஒரு சின்ன முடிப்பு குடுத்து இடம் விடும்போதுதான் அவன் திரும்புறான், பெரும்பாலும் அப்படித்தான். லைவ் ஓடுற ஒத்தைக் கேமரா முகத்தையும் கிரீடத்தையும் பாத்துக்கிட்டே இருக்கு, மத்தளக் கை அதுல வரவே வராது, அதனாலதான் எனக்கு அது கண்ணுல படல. இந்த ரெண்டு திரை வீடியோ என் தீசிஸுக்கு அலங்காரம் இல்ல, அதை எடுக்காம அந்த விஷயமே எனக்குத் தெரிஞ்சிருக்காது. இதுதான் கலை வழியா ஆராய்ச்சி. விடிய விடிய ராமாயணம் கேட்டுட்டு சீதைக்கு ராமன் சித்தப்பான்னு சொன்ன மாதிரி, இவ்வளவும் கேட்டுட்டு "அப்போ படம் எடுத்தா டாக்டர் பட்டம்"னு யாரும் கிளம்பிடாதீங்க.

வெளிநாட்டுல இதை எவ்வளவு தூரம் இழுத்திருக்காங்கன்னு ரெண்டு பேர் கதை. நிக் சூசானிஸ்னு ஒருத்தர் நியூயார்க்ல கொலம்பியா யுனிவர்சிட்டியோட டீச்சர்ஸ் காலேஜ்ல 2014ல தன்னோட தீசிஸை முழுக்க காமிக்ஸா வரைஞ்சு குடுத்தார். படமும் எழுத்தும் சேர்ந்து யோசிக்கும்போது வெறும் எழுத்து யோசிக்காததை யோசிக்க முடியும்ங்கறது அவரோட வாதம், அதை வெறும் எழுத்துல எழுதினா வாதமே அடிபட்டுப் போயிடும் இல்லையா, அதனால காமிக்ஸ். அடுத்த வருஷமே ஹார்வர்டு யுனிவர்சிட்டி பிரஸ் அதைப் புத்தகமாப் போட்டுச்சு. இன்னொருத்தர் ஏ.டி.கார்சன், தெற்கு கரோலினாவுல கிளெம்சன் யுனிவர்சிட்டியில 2017ல 34 பாட்டு இருக்குற ஒரு ராப் ஆல்பத்தையே தீசிஸாக் குடுத்தார். ராப்பைப் பத்தி எழுதல, ராப்பாவே எழுதினார். அப்புறம் வர்ஜீனியா யுனிவர்சிட்டியில ஹிப் ஹாப் ப்ரொஃபசரா வேலை கெடச்சுது. ரெண்டு பேரும் "வித்தியாசமா இருக்கட்டும்"னு பண்ணல, அவங்க கேள்விக்கு அந்த வடிவம் தேவைப்பட்டுது. கமிட்டி ஒத்துக்கிட்டதுக்கும் அதுதான் காரணம்னு நான் நெனைக்கிறேன்.

இந்த மாதிரி இடம் எதுன்னு தேடுறவங்களுக்கு: எம்ஐடி மீடியா லேப் 1985ல இருந்து இருக்கு, அங்க மீடியா ஆர்ட்ஸ் அண்டு சயின்சஸ்னு தனி பிஎச்டியே உண்டு, ஆனா அங்க டெக்னாலஜிப் பக்கம் கை ஓடணும். லாஸ் ஏஞ்சலஸ்ல தெற்கு கலிபோர்னியா யுனிவர்சிட்டியில மீடியா ஆர்ட்ஸ் ப்ளஸ் பிராக்டிஸ்னு ஒரு பிஎச்டி. ஹார்வர்டுல ஆந்த்ரோபாலஜி மாதிரி ஒரு துறையில பிஎச்டி பண்ணிக்கிட்டே கிரிட்டிக்கல் மீடியா பிராக்டிஸ்னு ஒரு துணைப் பிரிவு எடுத்துக்கலாம், ஒரு கால் இங்க ஒரு கால் அங்கன்னு அதிகாரபூர்வமாவே. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ்ல 2005ல ஆரம்பிச்ச ரிசர்ச் ஆர்க்கிடெக்சர் சென்டர் இன்னொரு மாதிரி, அங்க இருந்து கிளம்பின ஃபோரென்சிக் ஆர்க்கிடெக்சர் குழு போர் நடந்த இடத்து வீடியோ, போட்டோ, கட்டட வரைபடம் எல்லாத்தையும் சேர்த்து வச்சு எந்த குண்டு எங்க விழுந்துச்சுன்னு நிரூபிக்கிற அளவுக்குப் போச்சு, 2018ல கலைக்கான டர்னர் பரிசுக்கு ஷார்ட்லிஸ்டும் ஆச்சு. கோர்ட்டுக்கும் போகுது, கேலரிக்கும் போகுது. அமெரிக்காவுல அஞ்சாறு வருஷம் ஆகும், கோர்ஸ் ஒர்க் நெறைய, நல்ல ப்ரோக்ராம்னா ஃபீஸ் தள்ளுபடியும் ஸ்டைபெண்டும் சேர்ந்தே வரும். பிரிட்டன்ல மூணு நாலு வருஷம், போன உடனே ஆராய்ச்சிதான், ஃபண்டிங்தான் கஷ்டம். காசு இல்லாத அட்மிஷன் வந்தா சந்தோஷப்பட்டுட்டு வேண்டாம்னு சொல்லிடுங்க, கலைத் துறை பிஎச்டிக்காக கடன் வாங்காதீங்க, இது என் தனிப்பட்ட கருத்துதான் ஆனா இதுல நான் பிடிவாதமா இருப்பேன்.

இப்போ நம்ம ஊர்.

இந்தியாவுல எல்லாமே பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யூஜிசி, 2022 நவம்பர்ல கொண்டு வந்த பிஎச்டி விதிமுறைப்படிதான். ரெண்டு வருஷ முதுகலையில 55 சதவீதம் வேணும், எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிங்களுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. நாலு வருஷ டிகிரி முடிச்சவங்க 75 சதவீதம் இருந்தா நேராவே சேரலாம். எம்ஃபில் படிப்பையே நிறுத்தியாச்சு, அதைத் தேடாதீங்க. குறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஆறு, பெண்களுக்கு அதுக்கு மேல ரெண்டு வருஷம் சேர்த்து கெடைக்கும். கோர்ஸ் ஒர்க் குறைஞ்சது 12 கிரெடிட். முன்னாடி மாதிரி தீசிஸ் குடுக்கறதுக்கு முன்ன ஜர்னல்ல கட்டுரை வந்தே ஆகணும்னு யூஜிசி இப்போ சொல்லல, ஆனா உங்க யுனிவர்சிட்டி தனியா ஒரு விதி வச்சிருக்கும், அதைக் கேட்டுக்கோங்க.

இதுல நமக்கு முக்கியமான ஒரு வரி இருக்கு, துறையிடை ஆராய்ச்சின்னா டிபார்ட்மென்ட்டுக்கு வெளிய இருந்து, ஏன் யுனிவர்சிட்டிக்கே வெளிய இருந்து கூட, ஒரு கோ-கைடு வச்சுக்கலாம். பல பேருக்கு இது தெரியாது, ஆபீஸ்ல இருக்குறவங்களுக்கே சில சமயம் தெரியாது. எனக்கு மீடியா டிபார்ட்மென்ட்ல கைடு, வேற ஊர்ல இருந்த ஒரு நாடகத் துறை சார் கோ-கைடு. அந்தக் கடிதத்தை ஆபீஸ்ல "அப்படி வழக்கம் இல்லையே"ன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்க, மூணாவது தடவை விதிமுறையை பிரின்ட் எடுத்து அந்த வரிக்கு மஞ்சக் கோடு போட்டுக் குடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க.

அட்மிஷனுக்கு இப்போ நெட்னு சொல்ற தேசியத் தகுதித் தேர்வோட ஸ்கோர்தான் பெருசு. வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்கும், மூணு மணி நேரம், 150 கேள்வி, 300 மார்க். 2024ல இருந்து நெட் ரிசல்ட்ல மூணு வகை, ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்டியும், பிஎச்டிக்கு மட்டும். ஜேஆர்எஃப் இல்லாத மத்த ரெண்டு வகைக்கு நெட் மார்க்குக்கு 70, இன்டர்வியூவுக்கு 30, அந்த மார்க் ஒரு வருஷம்தான் செல்லும். இங்கதான் நம்மள மாதிரி ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வச்சவங்களுக்கு முதல் இடி, ஏன்னா நெட்ல இன்டர்டிசிப்ளினரின்னு சப்ஜெக்ட் கெடையாது. மாஸ் கம்யூனிகேஷன், விஷுவல் ஆர்ட், பெர்ஃபார்மிங் ஆர்ட், மியூசிக்னு தனித்தனியா இருக்கும், ஒண்ணைத்தான் எடுக்கணும், அது பெரும்பாலும் உங்க எம்ஏ சப்ஜெக்ட்டா இருக்கணும். அதுலயே உங்க டிபார்ட்மென்ட் முடிவாயிடும். அதனால எந்தத் துறைக்குள்ள உக்காந்துக்கிட்டு எந்தத் துறையை எட்டிப் பாக்கப் போறீங்கன்னு முன்னாடியே தீர்மானிச்சுக்கோங்க.

காசு விஷயம். ஜேஆர்எஃப் கெடச்சா முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் அதுக்கு அடுத்த படியான எஸ்ஆர்எஃப் ஆனா 42,000, வீட்டு வாடகைப் படி தனி. 2023 ஜனவரியில இருந்து இந்தக் கணக்கு. மத்தியப் பல்கலைக்கழகத்துல ஜேஆர்எஃப் இல்லாம சேர்ந்தா மாசம் 8,000, அதை வச்சு என்ன பண்றதுன்னு கேக்காதீங்க. ஜேஆர்எஃப்புக்கு வயசு 30க்குள்ள, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 வருஷம் தளர்வு. படம் எடுக்குறேன், ஏஜென்சியில வேலை பாக்குறேன்னு பத்து வருஷம் போயிட்டு அப்புறம் வர்றவங்க இந்த வயசு விஷயத்துலதான் மாட்டிக்குறாங்க.

எங்க போறதுன்னா, எல்லாக் கலையும் மீடியாவும் ஒரே கூரைக்குக் கீழ இருக்குற இடமாப் பாருங்க, பக்கத்து ரூம்ல வேற துறை ஆள் டீ குடிச்சுக்கிட்டு இருந்தாலே பாதி வேலை நடக்கும். ஹைதராபாத் யுனிவர்சிட்டியில சரோஜினி நாயுடு ஸ்கூல் அப்படி ஒண்ணு, நாடகம், நடனம், இசை, ஓவியம், கம்யூனிகேஷன் எல்லாம் ஒரே ஸ்கூலுக்குள்ள. டெல்லி ஜேஎன்யூவுல 2001ல ஆரம்பிச்ச ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ் அண்டு ஏஸ்தெட்டிக்ஸ்ல சினிமா, காட்சிக் கலை, நாடகம் மூணும் சேர்ந்து இருக்கு, ஆனா அங்க எழுத்துதான் ராஜா. பாண்டிச்சேரி யுனிவர்சிட்டியில நிகழ்கலைத் துறையும் மாஸ் கம்யூனிகேஷன் துறையும் ஒரே கேம்பஸ்ல. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துல நாடகம், இசை, சிற்பம், நாட்டுப்புறவியல் எல்லாம் இருக்கு, தமிழ்லயே எழுதலாம்ங்கறது பெரிய வசதி. சென்னையில மெட்ராஸ் யுனிவர்சிட்டி ஜர்னலிசம் துறை, அண்ணா யுனிவர்சிட்டி மீடியா சயின்சஸ். இடத்தோட பேரை விட உங்க கேள்வியைப் புரிஞ்சுக்குற ஒரு கைடு அங்க இருக்காரா, அவர்கிட்ட இடம் காலியா இருக்கா, அதுதான் முதல்ல பாக்க வேண்டியது. ஒரு ப்ரொஃபசர் ஒரே நேரத்துல 8 பேர், அசோசியேட் 6, அசிஸ்டென்ட் 4, அவ்வளவுதான் வச்சுக்க முடியும்.

ஷோத்கங்கான்னு ஒரு தளம் இருக்கு, இந்தியாவுல முடிஞ்ச தீசிஸ் நெறைய அதுல இலவசமா ஏத்தி வச்சிருக்காங்க. உங்க தலைப்பை அதுல தேடிப் பாருங்க, யார் கைடுன்னு பாருங்க, மூணு தீசிஸாவது முழுசாப் படிங்க. படிச்சு முடிச்சதும் "இதை விட நாம நல்லா எழுதலாம்"னு ஒரு தைரியம் வரும், அந்தத் தைரியம் வேணும்.

பாடத்துக்கு வெளிய ஒரு கஷ்டம் இருக்கு, அதை முன்னாடியே சொல்லிடறேன். ரெண்டு கைடு இருந்தா ரெண்டு பேரும் உங்களை ரெண்டு பக்கம் இழுப்பாங்க. என் மீடியா கைடு "சாம்பிள் எவ்வளவு, எத்தனை வீடியோ"ன்னு கேப்பார், நாடகத்து சார் "ஒரே ஒரு ராத்திரியை ஒழுங்காப் பாரு போதும்"பார். ஆறு மாசம் இவர் சொன்னதை அவர்கிட்டயும் அவர் சொன்னதை இவர்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கடைசியில ரெண்டு பேரையும் ஒரே வீடியோ காலுக்குள்ள உக்கார வச்சு 40 ராத்திரி வீடியோவை எண்ணிக்கைக்கும், அதுல 3 ராத்திரியை நுணுக்கமாப் பாக்குறதுக்கும்னு பிரிச்சதும்தான் மூச்சு வந்துச்சு. இந்த மாதிரி பஞ்சாயத்தை முதல் டி.சி. மீட்டிங்லயே, அதாவது உங்க ஆராய்ச்சியைக் கண்காணிக்கிற டாக்டோரல் கமிட்டி கூட்டத்துலயே, வச்சு முடிச்சுடுங்க, மினிட்ஸ்ல எழுத வச்சுடுங்க.

வேலைன்னு வரும்போது இன்னொரு பஞ்சாயத்து. காலேஜ் வேலைக்குப் போனா "உங்க பிஎச்டி எந்த சப்ஜெக்ட்?"னு ஒரே கேள்விதான். விஸ்காம் துறையில நாடகத்தைப் பத்தி பண்ணினேன்னா நாடகத் துறை "இது எங்க சப்ஜெக்ட் இல்ல"ம்பாங்க, விஸ்காம் துறை "இதுல மீடியா எங்க"ம்பாங்க. அரசு வேலைன்னா உங்க பட்டமும் அவங்க கேக்குற பட்டமும் சமம்னு சொல்ற அரசாணை, ஈக்குவலன்ஸ் ஜி.ஓ., இருக்கா இல்லையான்னு அலைய விடுவாங்க. பட்டத்துல எந்தத் துறைப் பேர் அச்சாகும்னு சேர்ற அன்னைக்கே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

அப்புறம் பொருள் சேக்கறது. யூடியூப்ல இருக்குறது அங்கயே இருக்கும்னு நம்பாதீங்க, நான் குறிப்பு எடுத்து வச்ச வீடியோவுல பல வீடியோ ஒரே மழைக்காலத்துல காணாமப் போச்சு, சேனல் வச்சிருந்த பையன் பாஸ்வேர்டை மறந்துட்டான்னு சொன்னாங்க. பாத்த தேதி, அன்னைக்கு வியூஸ் எவ்வளவு, யார் போட்டது, எந்த ஊர்க் கூத்துன்னு ஒரு நோட்டுல எழுதுங்க, அனுமதி வாங்கி ஒரு காப்பி ஹார்ட் டிஸ்க்ல வைங்க. பழைய பொருள் வேணும்னா தரமணியில ரோஜா முத்தையா நூலகம் இருக்கு, கோட்டையூர்ல ஒரு தனி மனுஷன் வாழ்நாள் முழுக்க சேத்து வச்ச சேகரிப்புல இருந்து வளந்தது, பழைய நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம்னு மத்த இடத்துல குப்பைன்னு போட்டது எல்லாம் அங்க ஆவணம். சினிமான்னா புனேயில 1964ல ஆரம்பிச்ச தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம்.

பேர் வைக்கிறதுலயும் கவனம். நான் "தெருக்கூத்து"ன்னு எழுதிக்கிட்டே இருந்தேன், காஞ்சிபுரம் பக்கத்துல ஒரு பெரிய ஆட்டக்காரர் "நாங்க ஆடறது கட்டைக்கூத்து, கட்டைன்னு சொல்ற மர அணியைக் கட்டிக்கிட்டு ஆடறோம், தெருவுல ஆடறதுனால அந்தப் பேர் இல்ல"ன்னார். இன்னொரு ஊர்ல இன்னொரு வாத்தியார் தெருக்கூத்துதான் சரின்னு சண்டைக்கே வந்துட்டார். மீடியா டிபார்ட்மென்ட்ல யாருக்கும் இது ஒரு பிரச்சினையாவே தெரியல, ஏதோ ஒரு பேர் போடுங்கன்னாங்க. ரெண்டு பேரையும் எந்த ஊர்ல யார் எப்படிச் சொல்றாங்களோ அப்படியே போட்டு, ஏன்னு நாலு பக்கம் எழுதினேன், அந்த நாலு பக்கத்தைத்தான் வெளி எக்ஸாமினர் ரொம்ப நல்லா இருக்குன்னார், கஷ்டப்பட்டு வரைஞ்ச பை சார்ட்டை அவர் கண்டுக்கவே இல்ல.

ப்ரொபோசல் எழுத உக்காந்தீங்கன்னா ஒரு பக்கம் போதும் முதல்ல. கேள்விக்குறி வச்சு முடியுற ஒரு வாக்கியம். அதுக்கு எந்தப் பொருளைப் பாக்கப் போறீங்க. இந்தத் துறையோட கருவி எங்க வரைக்கும் கொண்டு போகும், எங்க நின்னுடும், அந்தத் துறையில இருந்து எதைக் கடன் வாங்குறீங்க. உங்க கையால எதாவது செய்யப் போறீங்கன்னா, அதைச் செய்யாம ஏன் பதில் கெடைக்காது. இவ்வளவுதான். அதை ஒரு கைடுக்கு மெயில்ல அனுப்பும்போது "மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம்"னு ஆரம்பிக்காதீங்க, நேரா கேள்வியில இருந்து ஆரம்பிங்க, அவங்க எழுதுன ஒரு கட்டுரையைப் படிச்சிட்டு அதுல உங்களுக்கு ஒத்து வராத ஒரு இடத்தைச் சொல்லுங்க, பதில் வர்ற வாய்ப்பு அதிகம்.

எல்லாம் முடிஞ்சா வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. நம்ம பக்கம் அது பப்ளிக் வைவா, மத்த ஸ்காலர்ங்க, டீச்சருங்க எல்லாம் வந்து உக்காருவாங்க, ஸ்வீட் காரம் காபி நம்ம செலவுதான். என் வைவாவுக்கு அந்த ஜமாவுல இருந்து மத்தளக்காரர் வந்திருந்தார், காலையில பஸ் பிடிச்சு, வெள்ளை வேட்டி சட்டையில, மூணாவது வரிசையில. எக்ஸாமினர் கேட்டது எல்லாம் முடிஞ்சு வேற யாராவது கேக்குறீங்களான்னதும் கையைத் தூக்கிட்டு எழுந்தார். "அந்த லைவ் வீடியோவுல எம் பக்கம் ஒரு தபா கூட கேமரா திரும்பலம்மா, அதை எழுதியிருக்கியா?" 142ஆம் பக்கம்னு சொன்னேன். பக்கத்துல இருந்தவர்கிட்ட தீசிஸை வாங்கி அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லி, போன்ல போட்டோ எடுத்துக்கிட்டு உக்காந்தார்.